முதலைக்குள் இருந்த கை

— கையை உள்ள விடுங்க அண்ணி. கடிக்காது.

— கடிக்காதுன்னு முதலைக்கு நீ ஜாமீன் நிக்கிறியா?

— தினமும் இதே பேச்சு. முழங்கை வரைக்கும் முழுங்கும், கொஞ்ச நேரம் மெல்லும், அப்புறம் துப்பிடும். ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்த முதலை. ரொம்ப நல்ல மாதிரி.

— உனக்கென்ன. உன் கை உன் பேச்சைக் கேக்குது. என் கை இருக்கே, கூப்பிட்டாத் திரும்பிக் கூடப் பாக்காது. புருஷன் வீட்டு ஆளுங்க மாதிரி.

— அந்தப் புருஷன் வீட்டு ஆளுதான் உங்களைக் குளிப்பாட்டி, தலை சீவி, நாற்காலியில உக்கார வெச்சிருக்கேன்.

— சீவின லட்சணத்தைப் பார்த்தேன். வகிடு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. உன் சட்டைப் பட்டனைப் பாரு முதல்ல. ஒண்ணு வீடு மாறிப் போய் உக்காந்திருக்கு.

— அவசரத்துல போட்டது. கையைக் கொடுங்க. ம், இப்படி. வார் இறுக்கமா இருக்கா?

— இருக்கு. ஒரு வாரைப் போட இவ்வளவு நேரமா டி? முன்னாடியெல்லாம் டக்குனு போடுவ.

— வெல்க்ரோ பழசாயிடுச்சு, ஒட்ட மாட்டேங்குது. டீச்சர்! வகுப்பு!

— வணக்கம் அம்மா. காலைப் பயிற்சிக்கு வரவேற்கிறேன். உங்கள் கை என் பயிற்சிக் கருவியின் உறைக்குள் இருப்பதை உணர்கிறேன். என் கேமரா இன்றும் மூடியிருக்கிறது.

— மூடித்தான் இருக்கும். நைட்டியோட உக்காந்திருக்கேன், உங்களுக்கு எதுக்கு வேடிக்கை? நான் ஒட்டின பிளாஸ்திரி அப்படியே இருக்கட்டும்.

— புரிகிறது. பார்க்காமலும் என்னால் பயிற்சி தர இயலும். தொடங்கும் முன் ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்களுடன் யாராவது இருக்கிறார்களா?

— நாத்தனார் இருக்கா. ஏன்?

— நல்லது. அவரை உங்கள் அருகில் உட்காரச் சொல்லுங்கள்.

— வாலு, கேட்டியா? பக்கத்துல உக்காரச் சொல்றாங்க. இந்த டீச்சர் எப்பவாவது இப்படிச் சொல்லியிருக்காங்களா?

— ஏதாவது புதுப் பயிற்சியா இருக்கும் அண்ணி.

— புதுப் பயிற்சிக்கு எதுக்குப் பக்கத்துல ஆளு? ஆஸ்பத்திரியில அந்த டாக்டரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு. கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு. சொல்லுங்க டீச்சர். பக்கத்துலதான் இருக்கா.

— கடந்த சில வாரங்களாக உங்கள் கையின் வலு குறைந்து வருகிறது. விரல்கள் விரிய எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. பிடித்த பொருளை விரல்கள் தாமாகவே விட்டுவிடுகின்றன. இது பழைய பக்கவாதத்தின் மிச்சம் போலத் தெரியவில்லை. புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒன்றாக இருக்கலாம்.

— என்னது?

— பதற்றம் வேண்டாம் அம்மா. நேற்று மாலை மருத்துவமனைக்குத் தெரிவித்தேன். இன்று காலை மருத்துவர் அந்த அளவுகளைப் பார்த்துவிட்டார். உங்களை உடனே நேரில் பரிசோதிக்க விரும்புகிறார். ஆம்புலன்ஸ் அங்கிருந்து புறப்பட்டுவிட்டது.

— புறப்பட்டு... வாலு, என்ன சொல்றாங்க? எது புறப்பட்டுடுச்சு? அந்த வெள்ளை... அந்தச் சத்தம் போட்டுட்டு வருமே, அதுவா? எனக்கா?

— டீச்சர், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். இடைவேளை!

— இடைவேளை தொடங்கியது. நான் கேட்பதை நிறுத்துகிறேன். மீண்டும் அழைக்க, வகுப்பு என்று சொல்லுங்கள்.

— ஏன்டி நிறுத்தின? பேசிக்கிட்டே இருக்காங்கல்ல?

— முதல்ல மூச்சு விடுங்க அண்ணி. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு.

— திரும்ப வருது வாலு. அது திரும்ப வருது. ஒரு தடவை வந்தா மறுபடியும் வர வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாருல்ல?

— மாத்திரையை ஒழுங்காப் போட்டா பயப்பட வேணாம்னும் சொன்னாரு. நீங்க ஒரு வேளை கூட விட்டதில்ல.

— என் முகத்தைப் பாரு. கோணியிருக்கா? நல்லாப் பாரு டி. சிரிக்கிறேன் பாரு.

— நேராத்தான் இருக்கு. பேயைப் பார்த்த சிரிப்பு மாதிரி இருக்கு, ஆனா நேரா இருக்கு.

— நாக்கு? நாக்கை நீட்டுறேன். ஆ...

— நாக்கும் நேரா இருக்கு. அதுக்கு என்னைக்கும் ஒண்ணும் ஆகாது, அந்தக் கவலையே வேணாம்.

— விளையாடாத. உனக்குத் தெரியாது. கண்ணாடிக் கடையில அன்னைக்கு நீ இல்ல.

— சொல்லியிருக்கீங்களே அண்ணி. கண்ணாடி விழுந்துது, நீங்களும் விழுந்தீங்க.

— விழுந்ததைச் சொன்னேன். அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லல. உங்க அண்ணன்கிட்ட கூடச் சொல்லல. கப்பல்ல சமையல் வேலை பார்க்கிற மனுஷன் என்ன பண்ணுவாரு, சமையல்கட்டுல நின்னு அழுவாரு. அவ்வளவுதானே?

— என்ன நடந்துது?

— ஆளுயரக் கண்ணாடி. சலூனுக்கு வெட்டினது. ஓரமெல்லாம் தேய்ச்சு முடிச்சு, தூக்கி நிறுத்தலாம்னு பிடிச்சேன். இறுக்கிப் பிடிச்சேன் வாலு. எத்தனை வருஷமாக் கண்ணாடி தூக்குறேன், எனக்குத் தெரியாதா? எதிர்ல நின்ன சலூன்காரர் கத்துறாரு, ‘அக்கா விடாதீங்க, விடாதீங்க’ன்னு. எனக்குச் சிரிப்பு வருது. நான் எங்கய்யா விட்டேன், பிடிச்சுத்தானே இருக்கேன்னு. குனிஞ்சு பார்த்தா என் கை சும்மாத் தொங்கிக்கிட்டு இருக்கு. கண்ணாடி தரையில கிடக்கு. துண்டு துண்டா என் மூஞ்சி என்னைப் பாக்குது. உடைஞ்ச சத்தமே எனக்கு அப்புறம்தான் கேட்டுது.

— அண்ணி...

— வலிச்சாப் பரவாயில்ல டி. வலிக்காது. அதுதான் பயம். ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கும். கை பொய் சொல்லும். நம்ம சொந்தக் கையே நம்மகிட்ட பொய் சொல்லும். இப்ப இந்த முதலைக்குள்ள இருக்கிற கை நிஜமாவே அசையுதா, இல்ல அசையுதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேனா? எனக்கு எப்படித் தெரியும்?

— நான் பாக்குறேன்ல. அசையுது. கட்டை விரல் ஆடுது, மத்ததெல்லாம் அது பின்னாடி ஆடுது.

— நிஜமா?

— சத்தியமா.

— பின்ன ஏன் டீச்சர் அப்படிச் சொல்றாங்க?

— மிஷின்தானே அண்ணி. மிஷினுக்கும் ஒரு நாள் புத்தி கலங்கும்.

— ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக மாட்டேன் நான். அந்த ஜன்னலோரக் கட்டிலுக்குப் போக மாட்டேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மருமகள் சண்டையைக் கதையாச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டாங்க. ‘இரும்மா, வந்து மிச்சத்தைச் சொல்றேன்’னு போனாங்க. செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருந்துது. சாயந்திரம் ஒரு நர்ஸ் வந்து, செருப்பை ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனா. என்னைப் பாக்கவே இல்ல.

— அதையெல்லாம் ஏன் இப்ப நினைக்கிறீங்க?

— எப்ப நினைக்கிறது? வண்டி வந்துக்கிட்டு இருக்கு. அலமாரியில நீலப் பை இருக்கு, எடுத்து வை. போன தடவை வெச்ச துண்டு இன்னும் அதுக்குள்ளயே இருக்கு. அப்புறம் கேளு. எனக்குப் பேச்சு போயிட்டா, நீயே பேசு. நான் சொல்ல நினைக்கிறது உனக்குத் தெரியும். தெரியலைன்னா ஏதாவது சொல்லி வை. வண்டிக்குள்ள என் கையை மட்டும் விட்டுடாத.

— விட மாட்டேன். வண்டியே வராது அண்ணி. நான் நிறுத்துறேன்.

— நீ யாரு, பெரிய டாக்டரா? என்ன சொல்லி நிறுத்துவ?

— டீச்சர்கிட்ட நான் பேசிக்கிறேன். தனியா. நீங்க உள்ள போய்ப் படுங்க.

— கையை முதலை வாயில வெச்சுட்டு எங்க போய்ப் படுக்கிறது? இரு. உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

— எப்படி இருக்கு?

— கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல என் பவுடர் டப்பாவைக் கவுத்துட்டு வந்து நின்னியே, அப்படி இருக்கு. உனக்கு வாலுன்னு பேரு வெச்சதே அன்னைக்குத்தான். எனக்குத் தெரியாதது ஏதோ உனக்குத் தெரியும்.

— எனக்கு என்ன தெரியும்?

— அப்ப நான் அவங்களையே கேக்குறேன். வகுப்பு!

— அண்ணி, வேணாம்...

— வணக்கம் அம்மா. மீண்டும் இணைந்தேன்.

— டீச்சர், ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. தினமும் காலையில முடிஞ்சதும், ‘மிக நன்று, நேற்றைவிட நன்று’ன்னு சொல்றீங்க. அதெல்லாம் சும்மா என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதா?

— இல்லை அம்மா. நான் அளந்ததைத்தான் சொன்னேன். காலைப் பயிற்சிகளில் உங்கள் கை சீராகத் தேறி வருகிறது. நேற்று துணி கிளிப்பைத் திறந்து மூடினீர்கள். அது பெரிய முன்னேற்றம்.

— அப்ப எதுதான் மோசம்?

— மதியப் பயிற்சிகள்.

— எது?

— மதியப் பயிற்சிகள். காலையில் தேறும் கை மதியத்தில் தளர்கிறது. வாரத்துக்கு வாரம் அந்தத் தளர்ச்சி கூடுகிறது. ஒரே கை ஒரே நாளில் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வது...

— மதியம் நான் எங்க பயிற்சி பண்றேன்? மதியம் மாத்திரை போட்டுட்டுத் தூங்குறேன். ஒரு வேளை பண்ணினாப் போதும்னு ஆஸ்பத்திரியில குறைச்சுட்டாங்களே. வாலு? நீதானே வந்து சொன்ன?

— இடைவேளை! டீச்சர், இடைவேளை!

— இடைவேளை தொடங்கியது.

— அடியே.

— திட்டாதீங்க.

— திட்டல. கேக்குறேன். மதியம் முதலைக்குள்ள யாரு கை?

— அது வந்து அண்ணி...

— யாரு கை டி?

— என்னுது.

— உன்னுதா?

— கேளுங்க அண்ணி, முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க. ஆரம்பத்துல ரெண்டு வேளையும் நீங்கதான் பண்ணினீங்க. காலையில பண்ணின வலியே தீர்ந்திருக்காது, மறுபடியும் கையை விடச் சொன்னா அழுவீங்க. ஒரு நாள் தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுதீங்க. எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. கேட்டுது. விட்டுத் தொலையலாம்னு பார்த்தா, ஒழுங்காப் பண்ணலைன்னா முதலையை எடுத்துட்டுப் போய் வரிசையில அடுத்து நிக்கிறவங்களுக்குக் கொடுத்துடுவோம்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? மதியம் சாப்பாட்டுக்கு ஆபீஸ்ல இருந்து வந்தப்ப, நீங்க தூங்கினதும் என் கையை உள்ள விட்டேன். அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னுதான் நினைச்சேன்.

— ஒரு நாளைக்கு மட்டும்.

— அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு.

— வேற ஆளு கைன்னு அதுக்குத் தெரியலையா?

— கண்ணுலதான் பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கீங்களே. பேசச் சொன்னா உங்களை மாதிரியே, ‘ம்ம்... போதும்... டீச்சர்’னு இழுத்து இழுத்துப் பேசுவேன்.

— நான் அப்படியா டி பேசுறேன்?

— அப்ப அப்படித்தான் பேசினீங்க. இப்பத்தான் வாய் பழையபடி நீண்டுடுச்சே. குரல்கூடப் பரவாயில்ல, கைதான் கஷ்டம். என் கையை அப்படியே விட்டா, ‘அற்புதம், குணமாகிவிட்டது’ன்னு மறுநாளே முதலையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதனால உங்க கை மாதிரி நடிச்சேன். விரலை மெல்ல விரிப்பேன். பாதியில நிறுத்துவேன். பிடிச்சதை நழுவ விடுவேன். ஆரம்பத்துல வரவே இல்ல, கை பாட்டுக்கு வேகமாப் போயிடும், இழுத்துப் பிடிச்சு நிறுத்தணும். இப்பல்லாம் தானா வருது. அவ்வளவு நல்லா நடிக்கிறேன். மேடை போட்டு மாலை போடணும் எனக்கு.

— இரு, இரு. அப்ப... மோசமாப் போறது என் கை இல்லையா?

— இல்லவே இல்ல!

— எனக்கு ஒண்ணும் இல்லையா?

— உங்களுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி! காலைக் கைதான் உங்க கை. அது தேறிக்கிட்டு வருதுன்னு டீச்சர் வாயாலேயே கேட்டாச்சு. மதியம் மோசமாப் போறது என் நடிப்பு. கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு போல.

— அடிப்பாவி! அடிப் பாவி மகளே! உயிர் போய் வந்துது டி எனக்கு!

— அடிக்காதீங்க. இடது கையால இவ்வளவு பலமா அடிக்கிறீங்க. சிரிக்கிறீங்களா அழறீங்களா?

— ரெண்டும்தான். மூக்கைத் துடைச்சு விடு. ஐயோ, ஒரு கை முதலைகிட்ட மாட்டியிருக்கு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கக் கூட முடியல. செருப்பைக் கவர்ல போடுற வரைக்கும் போயிட்டேன் டி நான்!

— நீலப் பையை வேற எடுக்கச் சொன்னீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஏய், ஏய்! நைட்டியெல்லாம் ஊத்தாத டி!

— ஸாரி, ஸாரி. டம்ளர் வழுக்கிடுச்சு.

— நல்ல வேளை, எவர்சில்வர். போன வாரம் பீங்கான் கப் ஒண்ணு போச்சு. உங்க அண்ணன் கப்பல்ல இருந்து பஞ்சுல சுத்திப் பத்திரமாக் கொண்டு வந்த செட்டு அது.

— கழுவுறப்ப சோப்பு வழுக்கிடுச்சு அண்ணி. அப்பவே சொன்னேனே.

— சரி விடு. முதல்ல வண்டியை நிறுத்து. சத்தம் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா, கீழ் வீட்டுக்காரி முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டு மாடியேறி வருவா. என்னை உக்காந்த மேனிக்குப் பார்த்தா ஏமாந்து போயிடுவா.

— நடிச்சேன்னு சொன்னா முதலையை எடுத்துட்டுப் போயிடுவாங்களே அண்ணி. அதான் தனியாப் பேசுறேன்னு சொன்னேன்.

— நீ தனியாப் பேசி இன்னொரு பொய்யை வளர்ப்ப. வேணாம். எடுத்துட்டுப் போனாப் போகட்டும். மறுபடியும் வரிசையில நிப்போம், என்ன இப்ப? அந்த வண்டியில ஏறுறதுக்கு இது தேவலை. நானே சொல்றேன். வகுப்பு!

— வணக்கம் அம்மா. மீண்டும் இணைந்தேன்.

— டீச்சர், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. மதியம் உங்களுக்குள்ள இருந்தது என் கை இல்ல. என் நாத்தனார் கை. என் மேல இருக்கிற பாசத்துல, எனக்கே தெரியாமப் பண்ணியிருக்கா.

— தெளிவுபடுத்திக்கொள்கிறேன். மதியப் பயிற்சிகளைச் செய்தவர் வேறொருவர்.

— ஆமா. அவ கை நல்ல கை. பார்சல் ஆபீஸ்ல நாள் பூராப் பெட்டி தூக்குற கை. வேணும்னே பலவீனமா இருக்கிற மாதிரி நடிச்சிருக்கா. அதனால வண்டி வேணாம். திரும்பிப் போகச் சொல்லுங்க.

— உண்மையைச் சொன்னதற்கு நன்றி அம்மா. இது பற்றி மருத்துவமனை உங்களிடம் பேசும். வண்டியைப் பொறுத்தவரை ஒரு விதி இருக்கிறது. தளர்ந்த கை நலமாக இருக்கிறது என்பதை நான் உணர்ந்தால்தான் வண்டியை நிறுத்தச் சொல்ல முடியும்.

— அதான் கை உள்ளயே இருக்கே. உணர்ந்துக்கோங்க.

— இது காலைக் கை. இது நலமாக இருக்கிறது. நான் உணர வேண்டியது மதியக் கையை.

— அதுதான் நடிப்புன்னு சொல்றேனே டீச்சர்!

— நடிக்கும் கையையும் தளரும் கையையும் என்னால் பிரித்தறிய இயலாது. அதனால்தான் கேட்கிறேன். அவர் நடிக்காமல் ஒரு முறை விரல்களை விரித்துக் காட்டினால் போதும். வண்டியை நிறுத்திவிடுவேன்.

— அவ்வளவுதானே? நான் என்னமோன்னு பயந்தேன். வாலு, என் கையை எடுத்து விடு. உன் கையை உள்ள வை. விரிச்சுக் காட்டிட்டுக் கிளம்பு.

— இப்பவா?

— வண்டி வந்துக்கிட்டு இருக்கு, பின்ன எப்ப?

— அடுப்புல பால் வெச்சிருக்கேன் அண்ணி.

— பால்தான் வெச்சிருக்க. அடுப்பைப் பத்த வைக்கல. லைட்டர் வேலை செய்யலைன்னு சொல்லிட்டு வந்து உக்காந்த.

— ஆமா, அழுத்தினாப் பொறியே வர மாட்டேங்குது.

— நேத்து சாயந்திரம் என் இடது கையால ஒரு அழுத்து அழுத்தினேன். பத்திக்கிச்சு. வாலு, இன்னைக்கு ஏன் வேலைக்குப் போகல?

— லீவுன்னு சொன்னேன்ல.

— நேத்தும் லீவு. அதுக்கு முந்தின நாளும் லீவு. உன் ஆபீஸ்ல அவ்வளவு நல்லவங்க யாரும் கிடையாதே.

— சூப்பர்வைசர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. உங்களைப் பார்த்துக்கிறதுல தூக்கம் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறாரு.

— ஏன் அப்படி நினைக்கிறாரு?

— சில பெட்டி கீழ விழுந்துது. எல்லார் கையிலயும்தான் விழும் அண்ணி. பெல்ட் ஓடிக்கிட்டே இருக்கும், எடுத்து எடுத்து அந்தந்தக் கூண்டுல வைக்கணும். எதிர்ல நின்னவர் கத்தினாரு. பெட்டியை விடாதம்மான்னு. நான் பிடிச்சுத்தான் இருந்தேன்.

— என்ன சொன்ன?

— நான் பிடிச்சுத்தான் இருந்தேன் அண்ணி. பெட்டிதான்... அட்டைப் பெட்டி, மழையில நனைஞ்சு வந்தது. வழுக்கிடுச்சு.

— கையை உள்ள விடு.

— நாளைக்குப் பார்க்கலாமே.

— வாலு. கையை உள்ள விடு.

— எனக்குப் பயமா இருக்கு அண்ணி.

— எனக்கும்தான். விடு. கடிக்காது.

— இப்ப யாரு முதலைக்கு ஜாமீன்?

— நான் நிக்கிறேன். உக்காரு. என் கையை நானே எடுத்துக்கிறேன். கொடு இப்படி. ஏன்டி உன் கை இவ்வளவு குளிர்ந்து கிடக்கு? நீ சும்மா இரு, வாரை நான் போடுறேன்.

— வலது கையாலயா போடுறீங்க?

— வலது கையாலதான். மெல்லத்தான் வரும், இரு. ம். ஒண்ணு. ம். ரெண்டாவதும் ஆச்சு. வெல்க்ரோ நல்லாத்தானே ஒட்டுது வாலு. டீச்சர், மதியக் கை வந்தாச்சு.

— நன்றி அம்மா. கை உறைக்குள் இருப்பதை உணர்கிறேன். சகோதரி, நடிக்காமல், உங்களால் இயன்ற அளவு விரல்களை விரியுங்கள்.

— விரிக்கிறேன். ம்ம்... ஆச்சு. பார்த்தீங்களா அண்ணி? ஒண்ணுமே இல்ல. நான் கூட வீணாப் பயந்துட்டேன். வண்டியை நிறுத்துங்க டீச்சர்.

— விரல்களை விரியுங்கள்.

— விரிச்சாச்சு டீச்சர்.

— காத்திருக்கிறேன். விரல்களை விரியுங்கள்.

— விரிச்சுட்டேன்னு சொல்றேன்ல! முழுசா விரிச்சு வெச்சிருக்கேன். இந்த மிஷினுக்கு என்னதான் வந்துது?

— வாலு, விளையாடாத. நடிச்சது போதும் டி.

— நடிக்கல அண்ணி. சத்தியமா நடிக்கல. அஞ்சு விரலும் விரிஞ்சிருக்கு. நீங்கதான் பாக்குறீங்களே, சொல்லுங்க அவங்ககிட்ட. நல்லா விரிஞ்சிருக்குல்ல?

— ஆமாம்மா. நல்லா விரிஞ்சிருக்கு. என் கையைப் பிடிச்சுக்கோ, நான் விட மாட்டேன். டீச்சர், வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமா வரச் சொல்லுங்க.